அண்ட இழைகள் உண்மையில் இருக்கின்றனவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ட இழை என்றால் என்ன?

பெருவெடிப்புக்குப் பிறகு ஒரு நொடியின் மிக மிகச் சிறிய பகுதிக்குள், பிரபஞ்சம் வேகமாகக் குளிர்ந்துகொண்டிருந்தபோது, அதன் பழைய நிலை சில இடங்களில் மட்டும் மாறாமல் கோடுகளாகச் சிக்கிப்போயிருக்கலாம் என்று இயற்பியல் சொல்கிறது. அந்தக் கோடுகளைத்தான் அண்ட இழைகள் என்கிறோம். ஆங்கிலப் பெயரை அப்படியே எழுதினால் காஸ்மிக் ஸ்டிரிங். இழைக்கு நீளம் உண்டு, தடிமன் என்று சொல்லத்தக்கது இல்லை. எளிய கோட்பாடுகளில் அதற்கு முனைகளும் கிடையாது. ஒன்று, நம் கண்ணுக்கு எட்டிய பிரபஞ்சம் முழுவதையும் கடந்து செல்லும். அல்லது வளையமாக மூடிக்கொள்ளும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: இருக்கிறதா, இல்லையா?

இதுவரை ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் "இருக்கிறதா, இல்லையா" என்பதைவிட, "எவ்வளவு கனமான இழை இருக்க முடியும்?" என்று கேட்பதுதான் பயனுள்ளது. கனமான இழைகள் இருந்திருந்தால் இந்நேரம் சிக்கியிருக்கும். எனவே அவை இல்லை. லேசானவை இருக்கலாம். இந்தப் பக்கத்தில் உள்ள பதில்களில் பல, அந்த எல்லைக்கோடு எப்படிப் படிப்படியாகக் கீழே தள்ளப்பட்டது என்பதைப் பற்றியவை.

இழைக் கோட்பாட்டில் வரும் இழைகளும் இவையும் ஒன்றா?

இல்லை. இழைக் கோட்பாட்டின் இழைகள் துகள்களுக்கும் அடிப்படையானவை, கற்பனைக்கு எட்டாத அளவு குட்டையானவை. அண்ட இழைகளோ கோடிக்கணக்கான ஒளியாண்டு நீளமாக இருக்கலாம். இரண்டும் ஒரே காலகட்டத்தில் பெயர் பெற்றதால் வந்த குழப்பம் இது. ஆயினும் இந்த இரண்டு குடும்பங்களுக்கும் இடையே பிற்பாடு ஒரு சம்பந்தம் ஏற்பட்டது. அதைக் கீழே தனிக் கேள்வியில் பார்க்கலாம்.

விண்மீன் மண்டலங்கள் நூல் நூலாகக் கோத்திருக்கும் படங்கள் வருகின்றனவே, அதுவா?

அதுவும் இல்லை. அது பிரபஞ்ச வலை. கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே உணரப்படும் கரும்பொருளும் வாயுவும் தம் ஈர்ப்பால் திரண்டு உருவான கட்டமைப்பு. அது இருப்பதில் யாருக்கும் ஐயமில்லை.

இப்படி ஒரு விசித்திரப் பொருள் ஏன் உருவாக வேண்டும்?

காந்தத்திலிருந்து தொடங்கினால் எளிது. இரும்பை 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அதன் காந்தத்தன்மை போய்விடும். அணுக்களின் காந்தத் திசைகள் கன்னாபின்னாவென்று இருக்கும். மீண்டும் குளிரவைத்தால் ஒவ்வொரு பகுதியும் ஏதோ ஒரு திசையைத் தேர்ந்துகொள்ளும். எந்தத் திசை என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் ஒத்துப்போகும். தொலைவில் இருப்பவை தம் போக்கில் வேறொன்றைத் தேர்ந்துகொள்ளும்.

தொடக்ககாலப் பிரபஞ்சத்தை நிறைத்திருந்த புலங்களுக்கும் (வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மதிப்பு கொண்டவை) இதே கதை நடந்திருக்க வேண்டும். வெப்பம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் புலம் ஒரு திசையைத் தேர்ந்தாக வேண்டும். (இது வெளியில் உள்ள திசை அன்று, புலத்தின் உள்ளார்ந்த ஒரு கோணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஆனால் ஒளி அதுவரை கடந்திருந்த தொலைவு மிகக் குறைவு. அந்தத் தொலைவுக்கு அப்பால் உள்ள பகுதிகள் ஒன்றையொன்று கலந்துகொள்ள வழியே இல்லை. எனவே ஆங்காங்கே வெவ்வேறு தேர்வுகள் நடந்தே தீரும்.

இப்போது ஒரு பெரிய வட்டத்தில் நடந்து வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள். போகப்போகப் புலத்தின் கோணம் மெல்ல மாறிக்கொண்டே வந்து, புறப்பட்ட இடத்தை அடையும்போது சரியாக ஒரு முழுச்சுற்று சுற்றி முடித்திருக்கிறது. அப்படியானால் அந்த வட்டத்தின் நடுவில் கோணம் என்னவாக இருக்கும்? எந்த விடையும் பொருந்தாது. அந்த ஒரு புள்ளியில் மட்டும் புலம் எதையும் தேர்ந்துகொள்ள முடியாமல், பழைய உயர் ஆற்றல் நிலையிலேயே நின்றுவிடுகிறது. முப்பரிமாணத்தில் அந்தப் புள்ளிகள் தொடர்ந்து சேர்ந்து ஒரு கோடாகின்றன. அதுவே இழை. சுற்றியுள்ள புலம் முழுவதையும் மாற்றியமைக்காமல் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது என்பதால், ஒருமுறை உருவானால் அது நிலைத்துவிடும்.

நமக்குத் தெரிந்த துகள்களையும் விசைகளையும் விவரிக்கும் செந்தர மாதிரியின் புலங்கள் இப்படிப்பட்ட நிலையான முடிச்சை அனுமதிப்பதில்லை. துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் புலத்தின் தேர்வுகள் அமைந்துள்ள விதம் அதற்கு இடம்கொடுக்காது. அதற்கு அப்பால் சென்று, ஈர்ப்பு தவிர்ந்த விசைகளை மிக உயர்ந்த ஆற்றலில் ஒன்றாக்கும் பெரும் ஒருங்கிணைப்புக் கோட்பாடுகளில் பலவற்றில் இழைகள் கேட்காமலேயே வந்து நிற்கின்றன. எனவே ஓர் இழையைக் கண்டுபிடிப்பது, எந்தத் துகள் முடுக்கியாலும் எட்ட முடியாத ஆற்றலில் இயற்கை எப்படி இயங்குகிறது என்பதற்கு நேரடிச் சாட்சியாக இருக்கும். ஆய்வாளர்கள் இத்தனை ஆண்டுகளாக இதை விடாமல் துரத்துவது இதனால்தான்.

இதை முதலில் சொன்னவர் யார்?

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டாம் கிப்பிள். 1976இல் வெளிவந்த கட்டுரையில் மேலே சொன்ன வாதத்தை அவர் முன்வைத்தார். அவர் பிறந்தது சென்னையில், 1932இல். தந்தை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். மகன் படித்தது டவ்டன் கொரி பள்ளியில். பிறகு அவர் ஸ்காட்லாந்துக்குச் சென்றார். துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதை விளக்கிய 1964ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் ஒன்று குரால்னிக், ஹேகன் ஆகியோருடன் அவர் எழுதியது. அந்தக் கண்டுபிடிப்புக்கான 2013ஆம் ஆண்டு நோபல் பரிசு ஹிக்ஸ், ஆங்கிலேர் இருவரோடு நின்றுவிட்டது. கிப்பிளையும் சேர்த்திருக்க வேண்டும் என்று கருதுபவர்கள் பலர். நானும் அந்தக் கட்சிதான். அவர் 2016இல் மறைந்தார்.

ஆய்வகத்தில் இதைப் போல எதையாவது பார்த்திருக்கிறார்களா?

ஆம். இந்தத் துறையை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாமல் செய்வது இதுதான். மின்தடையே இல்லாத மீக்கடத்திகளுக்குள் காந்தப்புலம் மெல்லிய குழாய்களாக நுழையும் என்று அப்ரிகோசோவ் 1957இலேயே கணித்தார். 1960களில் அவற்றைப் படம் பிடித்தும் காட்டினார்கள். கணக்கின் அளவில் அவை அண்ட இழைகளின் நெருங்கிய உறவினர்கள்.

1985இல் வோய்செக் சூரெக், கிப்பிளின் வாதத்தைத் திரவ ஹீலியத்தில் சோதித்துப் பார்க்கலாம் என்றார். 1996இல் ஹெல்சின்கியிலும் கிரெனோபிளிலும் இரண்டு குழுக்கள் ஹீலியம்-3ஐ மீப்பாய்ம நிலைக்கு (உராய்வின்றிப் பாயும் நிலைக்கு) குளிர்வித்து, ஒரு நியூட்ரானை அதில் மோதவிட்டன. மோதிய இடம் கணநேரம் சூடாகி மீண்டும் குளிர்ந்தபோது, எதிர்பார்த்தபடி சுழல்கோடுகள் பிறந்ததற்கான தடயங்கள் கிடைத்தன. திரவப் படிகங்களிலும் இதேபோன்ற கோடுகள் உருவாகி, ஒன்றோடொன்று பின்னி, குறைந்துபோவதைப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் சுமுகமாக நடந்ததாக எண்ண வேண்டாம். ஹீலியம்-4இல் 1994இல் சுழல்கள் தெரிந்ததாக வந்த முடிவு, சோதனையைத் திருத்தி 1998இல் மீண்டும் செய்தபோது நிற்கவில்லை.

இழை உருவாகும் வழிமுறை இயற்கையில் செயல்படுகிறது என்பதை இவை காட்டுகின்றன. வானில் இழை இருப்பதாக இவை காட்டவில்லை. இந்த வேறுபாட்டைச் செய்திக் கட்டுரைகள் அடிக்கடி விழுங்கிவிடுகின்றன.

அதன் எடை எவ்வளவு?

எந்த ஆற்றலில் பிறந்தது என்பதைப் பொறுத்தது. பெரும் ஒருங்கிணைப்பு ஆற்றலில் பிறந்த இழையின் தடிமன் சுமார் 10⁻³² மீட்டர். அதில் ஒரு மீட்டர் சுமார் 10²¹ கிலோ. நாலரை கிலோமீட்டர் நீளம் இருந்தால் பூமியின் எடைக்குச் சமம்.

ஆய்வாளர்கள் கிலோவில் பேசுவதில்லை. ஒரு மீட்டரின் நிறையை ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்து, அலகில்லாத ஓர் எண்ணாக்கிக்கொள்கிறார்கள். இங்கே அதை இழுவிசை எண் என்று அழைக்கிறேன். மேலே சொன்ன கனமான இழைக்கு அது பத்து லட்சத்தில் ஒன்று. இனி எல்லாத் தேடல்களும் இந்த ஒரே எண்ணைப் பற்றியவைதான்.

இவ்வளவு கனமானது பக்கத்தில் இருப்பதையெல்லாம் இழுத்துக்கொள்ளாதா?

நேரான இழை இழுக்காது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் நிறை மட்டுமல்ல, இழுவிசையும் அழுத்தமும்கூட ஈர்ப்புக்குப் பங்களிக்கின்றன. அண்ட இழையில் இழுவிசை அதன் ஆற்றல் அடர்த்திக்குச் சரிசமம் என்பதால், இரண்டின் விளைவும் ஒன்றையொன்று ரத்தாக்கிவிடுகின்றன. பக்கத்தில் ஒரு கல்லை வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும்.

ஆனால் இழை வெளியின் வடிவத்தை மாற்றிவிடுகிறது. மெரினாவில் சுண்டல் மடித்துத் தரும் கூம்புப் பொட்டலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாள் எங்கும் சுருங்கவோ நீளவோ இல்லை. எந்த இடத்தை உற்றுப் பார்த்தாலும் அது தட்டைத் தாள்தான். ஆனாலும் கூர்முனையைச் சுற்றி வந்தால் 360 டிகிரி இருக்காது, கொஞ்சம் குறையும். இழையைச் சுற்றியுள்ள வெளியும் அப்படித்தான். பத்து லட்சத்தில் ஒன்று என்ற இழுவிசை எண்ணுக்குக் குறையும் கோணம் சுமார் 5 விகலை, அதாவது ஒரு டிகிரியின் 3,600 பங்குகளில் ஐந்து.

கோணம் குறைவதால், இழைக்குப் பின்னால் இருக்கும் விண்மீன் மண்டலத்தின் ஒளி இரண்டு பக்கமாகவும் நம்மை வந்தடையும். ஒரே மண்டலம் இரண்டாகத் தெரியும். ஒரு பெரிய நிறை தன் ஈர்ப்பால் ஒளியை வளைக்கும் சாதாரண ஈர்ப்பு வில்லையில் பிம்பங்கள் வில்லாக வளையும், நீளும். இழை காட்டும் இரண்டு பிம்பங்களோ வளையாமல், நீளாமல், ஒரே பிரகாசத்தில், அச்சு அசலாக இருக்கும்.

அப்படி ஓர் இரட்டைப் பிம்பம் கிடைத்ததாகச் செய்தி வந்ததே?

வந்தது. 2003இல் இத்தாலிய, ரஷ்ய வானியலாளர்கள் சிஎஸ்எல்-1 என்று பெயரிட்ட ஒரு ஜோடியை அறிவித்தார்கள். சுமார் 2 விகலை இடைவெளியில் இரண்டு நீள்வட்ட மண்டலங்கள். ஒரே செம்பெயர்ச்சி (தொலைவைக் காட்டும் ஒளியின் சிவப்புநோக்கிய நகர்வு), ஒரே நிறமாலை, வளைவு எதுவும் இல்லை. இழைக்கு எழுதி வைத்த இலக்கணம் போலவே இருந்தது.

2006 ஜனவரியில் ஹபிள் தொலைநோக்கி அதைப் பார்த்தது. தரையிலிருந்து மங்கலாகத் தெரிந்தது ஹபிளின் கூர்மையில் பிரிந்துவிட்டது: ஒன்றை ஒன்று ஈர்த்துக்கொண்டிருக்கும் இரண்டு தனித்தனி மண்டலங்கள். இழை இல்லை. என் பார்வையில் இது தோல்விக் கதை அன்று. கணிப்பு அவ்வளவு துல்லியமாக இருந்ததால்தான் ஒரே ஒரு நல்ல படத்தால் வழக்கை முடிக்க முடிந்தது.

விண்மீன் மண்டலங்களை உருவாக்கியதே இழைகள்தான் என்று ஒரு காலத்தில் சொன்னார்களே?

1980களில் அது மதிப்புக்குரிய கருத்து. செல்டோவிச்சும் அலெக்சாண்டர் விலென்கினும் அந்த யோசனையைத் தொடங்கி வைத்தார்கள். விண்மீன் மண்டலங்களின் விதைகளாகச் செயல்படத் தேவைப்பட்ட இழுவிசை எண், பெரும் ஒருங்கிணைப்புக் கோட்பாடு தந்த பத்து லட்சத்தில் ஒன்றோடு தானாகவே பொருந்தியது. இப்படிப்பட்ட பொருத்தம் அமைந்தால் எந்த இயற்பியலாளருக்கும் உள்ளம் துள்ளும்.

அதை முடித்துவைத்தது, தொடக்ககாலப் பிரபஞ்சத்திலிருந்து இன்றும் எங்கும் வந்துகொண்டிருக்கும் அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு. பெருவீக்கத்தில், அதாவது தொடக்கத்தில் பிரபஞ்சம் கண்மூடித் திறப்பதற்குள் அசுர வேகத்தில் விரிந்ததாகக் கருதப்படும் கட்டத்தில், பிறந்த அலைகள் எல்லாம் ஒரே தாளத்தில் தொடங்கியவை. அதனால் பின்னணிக் கதிர்வீச்சின் வெப்ப ஏற்றத்தாழ்வுகளில் குறிப்பிட்ட கோண அளவுகளில் வரிசையாக முகடுகள் தெரிய வேண்டும். இழைகள் காரணம் என்றால், அவை காலம் முழுவதும் தாறுமாறாகக் கலக்கிக்கொண்டே இருந்திருக்கும்; தாளம் குலைந்து ஒரே ஒரு அகன்ற மேடுதான் மிஞ்சும். 2000ஆம் ஆண்டில் பூமராங் பலூன் சோதனையும், பின்னர் டபிள்யூமேப், பிளாங்க் செயற்கைக்கோள்களும் அந்த முகடுகளைத் தெள்ளத்தெளிவாக அளந்துவிட்டன. இழைகள் இருந்தாலும் அவற்றின் பங்கு ஒரு சில விழுக்காடுதான் இருக்க முடியும். பிளாங்க் தரவுகளின்படி இழுவிசை எண் ஏறக்குறைய ஒரு கோடியில் ஒன்றுக்கு மேல் போக முடியாது. கனமான இழைகளின் அத்தியாயம் அதோடு முடிந்தது.

பெருவீக்கம் இழைகளைத் துடைத்துப் போட்டிருக்காதா?

அதற்கு முன் உருவானவற்றை நம் பார்வைக்கு அப்பால் தள்ளியிருக்கும். பெருவீக்கம் முடியும் வேளையிலோ அதற்குப் பிறகோ பிறந்தவை தப்பித்திருக்கும். பல மாதிரிகளில் அந்த வேளையில்தான் அவை பிறக்கின்றன.

பிறந்த இழைகள் எல்லாம் இன்றும் அப்படியே இருக்குமா?

இருக்காது, இருந்தால் பிரபஞ்சமே இழைகளால் நிரம்பிப்போயிருக்கும். இரண்டு இழைகள் குறுக்கிடும்போது அறுந்து, துணை மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. ஓர் இழை தன்னையே குறுக்கிட்டால் ஒரு வளையம் பிரிந்துவிடும். வளையம் ஒளிவேகத்தை ஒட்டிய வேகத்தில் அதிர்ந்து, ஈர்ப்பலைகளை (வெளியிலேயே பரவும் அலைகளை) உமிழ்ந்து, சுருங்கிச் சுருங்கி மறையும். இந்த வடிகால் இருப்பதால், எந்தக் காலத்திலும் அன்றைய பார்வை எல்லைக்குள் சில பத்து நீண்ட இழைகளும் ஏராளமான வளையங்களும் மட்டுமே இருக்கும் என்று கணினிக் கணக்கீடுகள் காட்டுகின்றன.

மறைந்த வளையங்கள் விட்டுச்சென்ற ஈர்ப்பலைகள் இன்றும் மெல்லிய இரைச்சலாக எங்கும் பரவியிருக்க வேண்டும். அதிரும் வளையத்தில் சில புள்ளிகள் கணநேரம் ஒளிவேகத்தையே தொட்டுச் சாட்டை போலச் சொடுக்கும். அந்தச் சொடுக்கில் கிளம்பும் ஈர்ப்பலை வெடிப்புகளைக் கேட்கலாம் என்று 2000ஆம் ஆண்டில் டமூரும் விலென்கினும் காட்டினார்கள். ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ, விர்கோ கருவிகள் அவற்றைத் தேடின. 2021இல் வெளியான முடிவுகள்வரை எதுவும் சிக்கவில்லை.

2023இல் பல்சார்களைக் கொண்டு கண்டுபிடித்த ஈர்ப்பலை இரைச்சல் இதுதானா?

அண்மையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பல்சார்கள் சீராகச் சுழன்று துடிப்புகளை அனுப்பும் விண்மீன் எச்சங்கள், வானத்துக் கடிகாரங்கள். அவற்றின் துடிப்புகள் வந்துசேரும் நேரத்தை ஆண்டுக்கணக்கில் அளந்தால், ஒருமுறை ஏறி இறங்கவே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் ஈர்ப்பலைகளை உணர முடியும். 2023 ஜூனில் வட அமெரிக்காவின் நானோகிராவ், ஐரோப்பியக் குழு, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் குழு, சீனக் குழு ஆகியவை அத்தகைய பின்னணி இரைச்சலுக்குச் சான்று கிடைத்திருப்பதாக அறிவித்தன. ஐரோப்பியக் குழுவோடு இந்தியக் குழுவும் சேர்ந்து உழைத்தது. அதன் தரவுகள் புனே அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட மாபெரும் மீட்டர் அலைத் தொலைநோக்கியிலிருந்து வந்தவை.

பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம், மண்டலங்களின் நடுவே ஒன்றையொன்று சுற்றிவரும் பெரும் நிறைக் கருந்துளை ஜோடிகள். சாதாரண அண்ட இழைகள் தரும் இரைச்சலின் சாய்வு, அளந்த சாய்வோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை. எனவே இந்த அளவீடு இழைகளுக்குச் சான்றாவதற்குப் பதிலாக, அவற்றின் இழுவிசை எண்ணை ஏறத்தாழ ஆயிரம் கோடியில் ஒன்றுக்குக் கீழே தள்ளிவிட்டது. பிளாங்க் வைத்த எல்லையைவிட இது ஆயிரம் மடங்கு கடுமையானது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வளையங்கள் தம் ஆற்றலை ஈர்ப்பலைகளாகவே செலவிடுகின்றன என்பது இந்தக் கணக்கின் அடிப்படை. புலங்களை முழுமையாகக் கணினியில் இயக்கிப் பார்க்கும் சில குழுக்கள், வளையங்கள் துகள்களாகச் சிதறி விரைவில் அழிந்துவிடுகின்றன என்கிறார்கள். அது சரியென்றால் பல்சார் எல்லை தளர்ந்துவிடும். பின்னணிக் கதிர்வீச்சு தந்த எல்லைதான் நிற்கும். இந்த வாக்குவாதம் இன்னும் தீரவில்லை.

இழைக் கோட்பாட்டோடு சம்பந்தம் உண்டு என்றீர்களே?

அடிப்படை இழைகளே விரிந்து வானளாவ நீளுமா என்று எட்வர்ட் விட்டன் 1985இல் ஆராய்ந்து, முடியாது என்றார்: அவை மிகக் கனமானவை, நிலைக்கவும் மாட்டா. 2002க்குப் பிறகு, கூடுதல் பரிமாணங்கள் மடிந்துகிடக்கும் விதத்தைப் பொறுத்து லேசான, நிலையான நீண்ட இழைகள் உருவாகலாம் என்று டை, போல்சின்ஸ்கி, கோப்லண்ட் முதலானோர் காட்டினார்கள். இவை அண்ட மீயிழைகள். சாதாரண இழைகள் குறுக்கிட்டால் ஏறக்குறைய எப்போதும் துணை மாற்றிக்கொள்ளும். மீயிழைகள் பல நேரங்களில் ஒன்றையொன்று ஊடுருவிச் சென்றுவிடும். அதனால் அவற்றின் எண்ணிக்கை அதிகமாக இருக்கும். பல்சார் இரைச்சலோடு இவை ஓரளவு நன்றாகவே பொருந்துகின்றன. "இழைக் கோட்பாட்டுக்குச் சான்று" என்ற தலைப்புச் செய்திகள் கிளம்பியது இங்கிருந்துதான். பொருந்துவது வேறு, நிரூபணமாவது வேறு.

ஓர் இழை பூமியைக் கடந்து சென்றால் என்ன ஆகும்?

இழை கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் பாயும். அது கடந்ததும், அதன் இருபுறமும் இருந்த பொருள்கள் ஒன்றை நோக்கி ஒன்று நகரத் தொடங்கும். பழைய கனமான இழையாக இருந்தால் அந்த வேகம் நொடிக்குப் பல கிலோமீட்டர், பூமி தப்பாது. இன்றைய எல்லைக்குட்பட்ட, ஆயிரம் கோடியில் ஒன்று என்ற இழையாக இருந்தால் நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. கேட்பதற்குச் சாது போலத் தோன்றினாலும், பூமியின் பாதி மறுபாதியை அந்த வேகத்தில் முட்டுவது சாதாரண நிலநடுக்கமாக இருக்காது. ஆனால் பார்வை எல்லைக்குள் இருப்பதே சில பத்து நீண்ட இழைகள். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இழைகளைக் கொண்டு காலப் பயணம் செய்யலாமாமே?

1991இல் ரிச்சர்ட் காட், எதிரெதிர்த் திசையில் ஒளிவேகத்தை ஒட்டிப் பாயும் இரண்டு முடிவற்ற இழைகளைச் சுற்றி வந்தால் கடந்த காலத்துக்குத் திரும்பலாம் என்று சமன்பாடுகளில் காட்டினார். அடுத்த ஆண்டே டெசர், ஜாக்கிவ், டஹூஃப்ட் ஆகியோர் அந்த அமைப்பின் மொத்த உந்தம் இயற்பியலுக்கு ஒவ்வாதது என்று மறுத்தார்கள். கணக்குப் பயிற்சியாக அழகானது. அவ்வளவுதான்.

எதைக் கண்டால் "கிடைத்துவிட்டது" என்று நம்பலாம்?

ஒரே ஒரு இரட்டைப் பிம்பம் போதாது. சிஎஸ்எல்-1 அதைக் கற்றுக்கொடுத்தது. ஒரு கோட்டை ஒட்டி வரிசையாகப் பல இரட்டைகள் வேண்டும். அதே கோட்டின் இருபுறமும் பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலை ஒரு படிக்கட்டுப் போல மாற வேண்டும். பாயும் இழைக்கு இந்தப் படி கட்டாயம் என்று கெய்சரும் ஸ்டெப்பின்ஸும் 1984இல் காட்டியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே இடத்தில் அமைந்தால் வேறு விளக்கம் தேடுவது கடினம். ஆனால் இழுவிசை எண் இப்போது இறங்கியிருக்கும் ஆழத்தில் அந்தக் கோணம் ஹபிளுக்கே பிடிபடாது. அதனால் ஈர்ப்பலைகளில்தான் எனக்கு நம்பிக்கை.

இழைகளின் ஈர்ப்பலை இரைச்சல், பல ஆண்டு அலைகளிலிருந்து நொடிக்கு நூறு முறை துடிக்கும் அலைகள்வரை மிகப் பரந்த நெடுக்கத்தில், பெரும்பகுதி ஏறத்தாழ சமமாகப் பரவியிருக்கும். கருந்துளை ஜோடிகளின் இரைச்சல் அப்படி இருக்காது. ஆகவே பல்சார்கள் கேட்பதையே, இடைப்பட்ட அதிர்வெண்ணில் இன்னொரு கருவியும் கேட்க வேண்டும். அந்தக் கருவி லிசா: ஒன்றுக்கொன்று 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் சூரியனைச் சுற்றப்போகும் மூன்று விண்கலங்கள். ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரியில் இதற்கு ஒப்புதல் தந்தது. 2035 வாக்கில் ஏவுவதாகத் திட்டம். வளையங்கள் ஈர்ப்பலைகளை உமிழ்கின்றன என்ற கணக்கு சரியாக இருந்தால், இழுவிசை எண் 10⁻¹⁷ வரை இறங்கிய இழைகளைக்கூட லிசா உணரும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.